நம்பர் இழந்த பனைகள்

கள்ளனுக்கும் ஒரு ஆசை இருக்க வேண்டும். கம்பியை அறுக்கிறவனுக்குச் செம்பில் ஆசை. டீசலை உறிஞ்சுகிறவனுக்குத் தன் மிசின் ஓட வேண்டும் என்று ஆசை. உள்ளங்கை அகலத் தகரத் தகட்டை, அதுவும் துருப்பிடித்ததை, மரத்திலிருந்து கழற்றிக்கொண்டு போகிறவனுக்கு எதில் ஆசை? குறிகட்டுவானில் வள்ளம் ஏறியதிலிருந்து றெக்ஷன் இதையே யோசித்துக்கொண்டு வந்தான். நெடுந்தீவுத் துறையில் இறங்கும்போது அவனிடம் விடை இல்லை. காலையில் குடித்த தேத்தண்ணியும் இல்லை. அது நடுக்கடலில் போய்விட்டது.

"ஒரு மணித்தியாலக் கடலுக்கே இப்பிடியெண்டால், நீர் கனடாவுக்கு எப்பிடிப் போவீர்?" என்று கேட்டார் அன்னபூரணம்.

"பிளேனுக்கு அலை அடிக்காதாம் அக்கா."

அன்னபூரணம் இருபத்திரண்டு வருடம் தீவுப் பகுதியில் விவாகப் பதிவாளராக இருந்தவர். ஊர்காவற்றுறையில் வீடு. நெடுந்தீவுக்கும் மாதத்தில் ஒரு தடவை வள்ளத்தில் வந்து பதிந்துவிட்டுப் போவார். ஓய்வு பெற்ற பிறகும் சனம் அவரை விடவில்லை. சுவிஸ் மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளா, நோர்வே மாப்பிள்ளை சொல்லுகிற உத்தியோகம் மெய்தானா என்று விசாரித்துத் தரச் சொல்லி வந்தார்கள். மாப்பிள்ளையை விசாரிக்கிறவருக்கு மாட்டை விசாரிப்பது பெரிய காரியமா? களவுபோன மாடு, காணாமற்போன காணி உறுதி என்று வேலை வளர்ந்து, இப்போது அவருடைய மதிலில் ‘அன்னபூரணம் விசாரணை நிலையம்’ என்று பலகை தொங்குகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டவும் பை தூக்கவும் பகிடி விடவும் றெக்ஷன். முதல் இரண்டுக்கும் சம்பளம் உண்டு. மூன்றாவது இலவசம்.

இன்றைய வழக்கு தீவொளி மின் கம்பனியுடையது. அரச மின்சாரம் எட்டாத தெற்குப் பக்கத்துக்கு, ஐந்து வருடத்துக்கு முன் குலசிங்கம் என்பவர் ஒரு பெரிய மிசினை வாங்கி வைத்து, வயர் இழுத்து, பின்னேரம் ஆறு தொடக்கம் பத்து மணி வரைக்கும் வெளிச்சம் கொடுத்து வருகிறார். வயர் இழுக்கக் கம்பம் வேண்டுமே. கொழும்பிலிருந்து வள்ளத்தில் வந்த கம்பங்கள் முப்பத்திரண்டு. அவ்வளவுதான் வந்தன. மிச்சம் எண்பத்தெட்டும் தாமாக முளைத்தவை. பனைகள். மொத்தம் நூற்றிருபது. ஒவ்வொன்றிலும் ஒரு தகரத் தகடு, தகட்டில் ஒரு நம்பர்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து, வெளிநாட்டுச் சனம் ஊர் பார்க்க வரத் தொடங்கிய பிறகு குலசிங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. மிசினைத் தான் வைத்துக்கொண்டு, வயரும் கம்பமுமான விநியோகத்தை மட்டும் முதலீட்டுக்காரருக்கு விற்பது. வாங்க ஆழ்வாப்பிள்ளை வந்தார். இதே தீவில் பிறந்து, பதினெட்டு வருடம் ரொறொன்ரோவில் இருந்தவர். அவருடைய பங்காளிகள் இருவரும் கடலுக்குப் பயந்து கொழும்பிலேயே நின்றுவிட்டார்கள். இன்று விற்பனை உறுதியில் கையெழுத்து. பிற்பகல் இரண்டரை வள்ளத்தில் ஆழ்வாப்பிள்ளை திரும்புகிறார். ஆனால் போன கிழமை நாற்பத்தொரு தகடுகள் மாயமாகிவிட்டன.

குலசிங்கம் வீட்டுப் படலைக்குப் பக்கத்தில், ஏழாம் நம்பர் பனைக்குக் கீழே கதிரை போட்டு இருந்தார். கம்பனியின் காரியாலயம் அந்தக் கதிரைதான். எதிர்க்கதிரையில் அரைக் காற்சட்டையும் கழுத்தில் வீடியோக் கமராவுமாக ஆழ்வாப்பிள்ளை.

"உறுதியிலை நூற்றிருபது எண்டு கிடக்கு," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "நான் எண்ணினது எழுபத்தொன்பது."

"மரம் நிக்குதுதானே, ஆழ்வார்."

"மரம் நிக்குது. நம்பர் இருந்தால் அது கம்பம். நம்பர் இல்லாட்டி அது மரம். நான் ரொறொன்ரோவிலை இருந்து மரம் வாங்க வரேல்லை."

அப்போது குலசிங்கத்தின் கதிரைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, தொப்பென்று ஒரு பனம்பழம் விழுந்தது. றெக்ஷன் துள்ளி விலகினான். குலசிங்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஆவணி மாதம்," என்றார். "ஒரு நாளைக்கு மூண்டு விழும்."

"கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன, அண்ணை?"

"கம்பனி இதிலைதானே கிடக்கு."

அவருடைய மனைவி மீனலோசனி பிட்டும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். றெக்ஷனுக்குக் கடல் காலி செய்த வயிறு. இரண்டு கோப்பை பிட்டு இறங்கிய பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"அக்கா, பிட்டு திறம். ஆனால் தேங்காய்ப்பூவுக்குள்ளை இடைக்கிடை கயிறு கிடக்கு. முறுக்கினால் வள்ளம் கட்டலாம்."

"வள்ளத்தைப் பேந்து கட்டலாம். முதல் வயித்தைக் கட்டும், தம்பி," என்று சொல்லிவிட்டு மீனலோசனி குசினிக்குப் போனார்.

அன்னபூரணம் தன் கோப்பையில் கிடந்த தேங்காய்க் கீலம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். விரல் நீளம், ஈர்க்குத் தடிப்பு. அதைக் கோப்பை ஓரத்தில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

"ஆரிலை சந்தேகம், தம்பி?"

"சந்தேகம் என்ன, முடிவுதான்," என்றார் குலசிங்கம். "பஸ்ரியாம்பிள்ளை. எங்கடை லைன்மன். ஏணி ஆரிட்டை? அவரிட்டை. குறடு ஆரிட்டை? அவரிட்டை. தகடு அடிச்சது ஆர்? அவர். ஆழ்வார் தன்னை வேலையாலை நிப்பாட்டிப்போடுவாரெண்ட கோவம். பொலிசுக்கு எழுதி வைச்சிருக்கிறன். இண்டைக்கு அவரும் வள்ளத்திலை போறார், கடிதமும் போகுது."

அவர் சேட்டுப் பையைத் தட்டினார். உள்ளே கடதாசி சரசரத்தது.

பஸ்ரியாம்பிள்ளை படலைக்கு வெளியே, கற்கள் அடுக்கிய வேலியில் சாய்ந்து குந்தியிருந்தார். ஐம்பத்தைந்து வயது. பக்கத்தில் ஒரு பை. பைக்குள் ஒரு சாரம், ஒரு சேட்டு, செபமாலை. பொலிசுக்குப் போக ஆயத்தமாகவே வந்திருந்தார். வழக்கு என்று ஒன்று பதிந்தால் கம்பனி வேலை போய்விடும். அதோடு கடலுக்குப் போகிற அனுமதிப் பாஸையும் நேவி பறித்துவிடும். தரையிலும் வேலை இல்லை, கடலிலும் இடம் இல்லை என்றால் நெடுந்தீவில் ஒரு மனுசன் எங்கே நிற்பது?

"நீங்களோ எடுத்தனீங்கள், அண்ணை?" என்று கேட்டார் அன்னபூரணம்.

"இல்லை."

"ஆர் எடுத்ததெண்டு தெரியுமோ?"

பஸ்ரியாம்பிள்ளை பையை மடியில் எடுத்து வைத்தார். "சத்தியம் பண்ணச் சொல்லாதேங்கோ, பிள்ளை."

மணி ஒன்பதரை. மூவரும் நடக்கத் தொடங்கினார்கள்.

முதலாவது வெறும் பனைக்குக் கிட்டப் போனதும் அன்னபூரணம் தன் கொப்பியை எடுத்தார். தகடு இருந்த இடம் வெளிறி, நெஞ்சுயரத்தில் தெரிந்தது.

"இவ்வளவு கீழை ஏன் அடிச்சனீங்கள்?"

"ஏறி நிண்டு எண்ணுறது சுகமோ, நிலத்திலை நிண்டு எண்ணுறது சுகமோ?"

கொப்பியில் ‘ஒன்று: ஏணி தேவையில்லை’ என்று விழுந்தது. மரத்தடியில் நாலு ஆணிகள் கோணல்மாணலாகக் கிடந்தன. பஸ்ரியாம்பிள்ளை ஒன்று விடாமல் பொறுக்கி, நிமிர்த்தி, சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். இந்தத் தீவில் லைன்மன் ஒருவன் ஆணியை நிலத்தில் விட்டுப் போவது, சம்மாட்டி கரையில் மீனை மறந்து போவது மாதிரி. ‘இரண்டு: குறட்டுக்காரன் வேலை இல்லை.’

"இஞ்சை பாருங்கோ அக்கா," என்றான் றெக்ஷன். மரப்பட்டையில் சீப்பால் வாரின மாதிரிக் கோடுகள். "பல்லு. குதிரை கடிச்சிருக்கு."

இரண்டு மட்டக் குதிரைகள் எட்டத்தில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன.

"குதிரை நம்பர் பார்த்துத்தான் கடிக்குமோ?"

"பறங்கியன் விட்டிட்டுப் போன வம்சம், அக்கா. படிச்ச குதிரையாயிருக்கும்."

அன்னபூரணம் கோடுகளை விரலால் தொட்டு எண்ணினார். நாலு கோடு, ஒரு இடைவெளி, பிறகு ஐந்து கோடு. அடுத்த வெறும் பனையிலும் நாலு, இடைவெளி, ஐந்து. அதற்கடுத்ததிலும் அப்படியே. எழுதிக்கொண்டார்.

"வாயிலை ஒரு பல்லு இல்லாத குதிரை," என்றான் றெக்ஷன். "அங்கை அடையாள அணிவகுப்பு வைச்சால் பிடிச்சிடலாம்." சொல்லி முடியவில்லை, கால் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்து குந்தினான். அவனுக்குக் கீழே ஒரு பனம்பழம் நசிந்து மஞ்சளாகியது.

இது மூன்றாவது தடவை. களுசான் முழுக்கப் பனங்களி.

"இந்த மரங்களுக்கு என்னிலை ஏதோ வைரம், அக்கா."

"எந்த மரங்களுக்கு?"

"இந்த... எல்லா மரத்துக்கும்தான்."

"நல்லாய் யோசிச்சுச் சொல்லும். நம்பர் கிடக்கிற மரத்தடியிலை ஒருக்காவெண்டாலும் விழுந்தனீரோ?"

றெக்ஷன் களுசானை வழித்துக்கொண்டே யோசித்தான். எழுபத்தெட்டாம் நம்பர், எழுபத்தொன்பதாம் நம்பர், எண்பத்திரண்டாம் நம்பர். தகடு தலைநிமிர்ந்து நின்ற மரங்களின் அடியெல்லாம் கூட்டி விட்ட முற்றம் மாதிரி இருந்தது. ஒரு பழம் இல்லை.

"இல்லை, அக்கா."

"ஏனெண்டால் அது ஆண்பனை. அது காய்க்காது." அன்னபூரணம் கொப்பியை மூடினார். "தகடு போனது எல்லாம் பெண்பனை. எங்கடை கள்ளன் மரத்தின்ரை சாதகம் பார்த்துக் களவெடுத்திருக்கிறான்."

பஸ்ரியாம்பிள்ளை கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு காகம்கூட இல்லை.

வழியில் அவருடைய வீடு. மனைவி சூசையம்மா படலைக்கே வந்து மூவருக்கும் தேத்தண்ணி தந்தார். வேலியோரத்தில் நாலு பெண்பனைகள் வரிசையாக நின்றன. நாலிலும் தகடு இல்லை. நாலுக்குக் கீழும் பழங்களைப் பொறுக்கி ஒரு கடகத்தில் நிரப்பியிருந்தது.

"உங்கடை மனுசனை வள்ளத்திலை ஏத்தப் போயினம். தெரியுமோ?" என்றார் அன்னபூரணம்.

"தெரியும். இவரைக் கொண்டுபோனால் நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?" சூசையம்மா புருஷனைப் பார்த்தார். புருஷன் தேத்தண்ணிக்குள் பார்த்தார். "ஆனால் இவர் ஒண்டும் எடுக்கேல்லை. இவருக்கு உந்த மரங்களைத் தொட உரிமையும் இல்லை. உது நாலும் எனக்குக் கலியாணத்துக்கு அப்பு தந்தது. வீடும் காணியும் அண்ணைமாருக்கு, காய்க்கிற பனை பொம்பிளைப் பிள்ளையளுக்கு எண்டுதான் எங்கடை பக்கத்திலை எண்ணிக் குடுக்கிறது."

அன்னபூரணம் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்தது றெக்ஷன் கேள்விப்பட்டிராத சங்கதி.

"றெக்ஷன், கெதியாய் வாரும். கம்பனியின்ரை கடிதக் கோப்புகளைப் பார்க்கவேணும்."

ஏழாம் நம்பருக்குக் கீழே வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. குலசிங்கம் கடிதக் கோப்பை எடுத்து நீட்டினார். மரச் சொந்தக்காரர் கம்பனிக்குக் கொடுத்த சம்மதக் கடிதங்கள் எல்லாம் அதில் ஒழுங்காகக் குத்தியிருந்தன. வயர் கட்டவும் தகடு அடிக்கவும் முழுச் சம்மதம் என்று ஒவ்வொன்றிலும் கையெழுத்து.

"வல்லிபுரம், மூண்டு பனை," என்று வாசித்தார் அன்னபூரணம். "வல்லிபுரமோ? உந்தக் கலியாணம் நான்தான் பதிஞ்சனான். செருப்பும் இரவல் வாங்கிக்கொண்டு வந்து கையெழுத்து வைச்ச மனுசன். அவருக்குப் பனை எங்காலை?"

"பிறகு வாங்கியிருப்பார், அக்கா," என்றான் றெக்ஷன்.

"கிறிஸ்தோப்பர், அஞ்சு பனை. உவருக்குச் சொந்தமாய் ஒரு வலையே இல்லை. பஸ்ரியாம்பிள்ளை, நாலு பனை. அந்த நாலும் ஆற்றை எண்டு இப்பதான் கேட்டனாங்கள்." அவர் கடிதக் கோப்பை மூடினார். "தம்பி குலசிங்கம், இதிலை பெண்பனைக்குச் சம்மதம் தந்த ஒருத்தருக்கும் பெண்பனை இல்லை. எல்லாம் பெண்சாதிமாருக்குச் சீதனமாய் வந்தது. சீதனம் பெண்சாதியின்ரை சொத்து. புருசன் கையெழுத்து வைக்கிறது, அடுத்த வீட்டு மாட்டை நான் விக்கிற மாதிரி."

ஆழ்வாப்பிள்ளை கமராவைக் கழுத்திலிருந்து கழற்றினார். "அப்ப நான் வாங்குறது என்ன?"

"அதையும் பார்ப்பம். உறுதியிலை என்ன வசனம் போட்டனீங்கள்?"

"எங்கடை லோயர் போட்டது. ‘கம்பங்களும் அவற்றைச் சேர்ந்த யாவும்.’ வழக்கமான வசனம்."

"பனம்பழம் பனையைச் சேர்ந்ததுதானே? பழம் போனால் பனாட்டு இல்லை, ஒடியல் இல்லை, மாரிக்கு வீட்டிலை தின்ன ஒண்டும் இல்லை. அதோடை இன்னொண்டு. இஞ்சை பழத்துக்கு மரத்தைக் குத்தகைக்குக் குடுத்தால், எடுத்தவர் சுண்ணாம்பாலை நம்பர் போடுவார். நம்பர் விழுந்த மரம் கைமாறின மரம். பிறந்த நாள் தொடக்கம் இதைப் பார்த்து வளந்த பொம்பிளையளின்ரை மரத்திலை நீங்கள் நம்பர் அடிச்சியள். ஐஞ்சு வருசம் பொறுத்தவை, ஊராளின்ரை லைற்றெண்டு. இப்ப நம்பரோடை கனடாவுக்குப் போகுதெண்டு கேட்டால் பொறுப்பினமோ?"

"அப்ப எல்லாப் பொம்பிளையளும் சேர்ந்து கழட்டினவையோ?" குலசிங்கத்தின் குரல் இறங்கியது.

"இல்லை. எல்லா மரத்திலும் ஒரே ஆயுதம். நாலு பல்லு, ஒரு இடைவெளி, அஞ்சு பல்லு. ஒரு ஆள்தான் சுத்தித் திரிஞ்சிருக்கு. தம்பி, உங்கடை எண்பத்தெட்டுப் பனையிலை பெண்பனை எத்தினை?"

கேள்வி குலசிங்கத்துக்கு. பதில் படலையிலிருந்து வந்தது. "நாப்பத்திரண்டு," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"போனது நாப்பத்தொண்டு. மிஞ்சினது எங்கை?"

தொப்.

இந்தத் தடவை பழம் குலசிங்கத்தின் கதிரைக் கைப்பிடியில் பட்டு, தெறித்து, ஆழ்வாப்பிள்ளையின் சப்பாத்தடியில் போய் நின்றது. ஐந்து வருடத்தில் முதல் தடவையாகக் குலசிங்கம் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். ஏழாம் நம்பர்த் தகடு அவருடைய தலைக்குப் பின்னால் துருவோடு அப்படியே இருந்தது.

"ஊரிலை எல்லாப் பெண்பனையையும் மொட்டையாக்கின ஆள், இதை மட்டும் விட்டிருக்கு," என்றார் அன்னபூரணம். "றெக்ஷன், காலமை பிட்டுக்குள்ளை என்ன கண்டனீர்?"

"கயிறு." றெக்ஷன் குசினிப் பக்கம் திரும்பினான். "தேங்காய் திருவுற திருவலை. அதிலை ஒரு பல்லு இல்லை. அந்த இடைவெளியாலை வாற தேங்காய் கீலம் கீலமாய் வரும். அக்கா, இதை நான் கண்டுபிடிச்சனான் எண்டு கொப்பியிலை எழுதுங்கோ."

"நீர் தின்றனீர். அதைத்தான் எழுதலாம்."

குசினிக்குள் மீனலோசனி திருவலையில் குந்தியிருந்து, மத்தியானக் கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஐந்து பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோதும் கை நிற்கவில்லை. அலகின் இரும்புப் பற்கள் வெளிச்சத்தில் தெரிந்தன. நாலு, ஒரு பொக்கை, ஐந்து.

"கோப்பையிலை பிட்டுப் போடேக்கையே நினைச்சனான்," என்றார், "இந்தத் தம்பியின்ரை வாய் சும்மா கிடவாதெண்டு."

"நீயோ?" என்றார் குலசிங்கம்.

"நான்தான். சுத்தியல் பூட்டின அறைக்குள்ளை. திறப்பு உங்கடை மடியிலை. கத்தியைக் குடுத்துப் பார்த்தனான், வளைஞ்சுபோச்சு. இதுதான் தகட்டுக்குப் பின்னாலை வளமாய்ப் போச்சுது."

"பட்டப்பகலிலை திருவலையைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கத் திரிஞ்சனியோ? ஒருதரும் காணேல்லையோ?"

"எல்லாரும் கண்டவை. ‘ஆற்றை கலியாண வீடு, அக்கா?’ எண்டு கேட்டவை. சமையலுக்குப் போற பொம்பிளை தன்ரை திருவலையோடைதானே போறவள். ரெண்டு பேர் தாங்களும் வாறமெண்டு வெளிக்கிட்டவை."

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மீனலோசனி துருவுவதை நிறுத்தினார். "மூண்டு தரம் சொன்னனான். மரங்கள் எங்கடை, எங்களைக் கேளுங்கோ எண்டு. முதல் தரம் ‘ஓம்’ எண்டனீங்கள். ரெண்டாந்தரம் ‘ஓம் ஓம்’ எண்டனீங்கள். மூண்டாந்தரம் கறிக்கு உப்புக் குறைவெண்டனீங்கள்."

மீனலோசனி மற்றத் தேங்காய்ப் பாதியை எடுத்துக்கொண்டார்.

"ஏழாம் நம்பரை ஏன் அக்கா விட்டனீங்கள்?" என்று கேட்டான் றெக்ஷன். அவனுக்கு அது தெரியாமல் சோறு இறங்காது.

"அதுக்குக் கீழை எந்த நேரமும் கம்பனி குந்திக்கொண்டிருந்தால் நான் எப்பிடிக் கழட்டிறது?"

மூலையில் ஒடியல் கடகம். மேலிருந்த ஒடியலை ஒதுக்கினால், உள்ளே நாற்பத்தொரு தகடுகளும் நம்பர் வரிசையில் அடுக்கிக் கிடந்தன.

அன்னபூரணம் பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்தார். "உங்களுக்கு முதல் நாளே தெரியும்."

"சூசையம்மா சொன்னவ. சொல்லிப்போட்டு, வாய் திறந்தால் தெரியுமெண்டும் சொன்னவ." பஸ்ரியாம்பிள்ளை பையைத் தோளில் சரிசெய்தார். "பொலிஸ் எண்டால் ஒரு மாதத்திலை விட்டிடுவான். அவவோடை நான் சாகுமட்டும் இருக்கவேணும்."

குலசிங்கம் சேட்டுப் பையிலிருந்து முறைப்பாட்டுக் கடிதத்தை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் அம்மிக்கு மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

பின்வளவில், கிணற்றடியில், சூசையம்மாவும் இன்னும் பன்னிரண்டு பெண்களும் ஏற்கெனவே வந்து இருந்தார்கள். மீனலோசனியோடு பதினாலு. மரக்காரிகள் அவ்வளவு பேரும்தான். இவர்கள் எப்போது வந்தார்கள், யார் கூப்பிட்டது என்று றெக்ஷன் கேட்கவில்லை. கேட்டால் கலியாண வீட்டுக்கு என்று சொல்லுவார்கள்.

அன்னபூரணம் முட்டுக்காலில் கொப்பியை வைத்துப் புதுச் சம்மதக் கடிதம் எழுதினார். வயர் கட்டலாம். மரமும் ஓலையும் பழமும் மரக்காரியுடையவை. அடுத்தமுறை எது விற்பதானாலும் முதலில் மரக்காரியிடம் கேட்க வேண்டும். ஆழ்வாப்பிள்ளை மூன்று தடவை வாசித்தார். ‘அவற்றைச் சேர்ந்த யாவும்’ என்ற வசனத்தைத் தன் கையாலேயே வெட்டினார். பழம் வேண்டாம், வயர் போதும் என்றார். பதின்மூன்று பேர் வரிசையாகக் கையெழுத்து வைத்தார்கள். மீனலோசனி மட்டும் பேனையைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன?" என்றார் குலசிங்கம்.

"நீங்கள் இன்னும் கேக்கேல்லை."

பதின்மூன்று பெண்களும் ஒரு முதலீட்டுக்காரரும் பார்த்திருக்க, குலசிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். அவர் கேட்டது பக்கத்துக் கிணற்றுக்குள்கூட எட்டுமளவு சத்தமாக இல்லை. ஆனால் மீனலோசனிக்குக் கேட்டது. கையெழுத்து விழுந்தது.

"தகடு எல்லாம் திரும்ப அடிச்சு, நூற்றிருபதையும் நான் எண்ணின உடனை உறுதியிலை கையெழுத்து," என்றார் ஆழ்வாப்பிள்ளை. பிறகு பஸ்ரியாம்பிள்ளையின் தோளில் தட்டினார். "உங்களிலை பிழையில்லை, அண்ணை. ஆனால் கொழும்பிலை ஒரு ரெக்னீசியன் பொடியனைப் பார்த்து வைச்சிருக்கிறம். வயரெல்லாம் எங்களிட்டை வந்தால் குலசிங்கத்துக்கும் லைன்மன் தேவையில்லை. குறை நினையாதேங்கோ."

பஸ்ரியாம்பிள்ளை குறை நினைத்ததாகத் தெரியவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, காலையில் பொறுக்கிய ஆணிகளைச் சூசையம்மாவின் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். மிச்சத்தைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரவர் மரத்துக்கு அவரவரே அடிப்பம்," என்றார் மீனலோசனி. கடகம் கைமாறியது. பதினாலு பெண்கள், நாற்பத்தொரு தகடுகள், சுத்தியல் ஒன்று, அம்மிக் குழவி இரண்டு. வல்லிபுரத்தின் மனைவி நாகபூசணிக்கு நூற்றெட்டு வேண்டுமாம், அது நல்ல நம்பராம். சூசையம்மா பன்னிரண்டாம் நம்பரை எடுத்தார், அப்போஸ்தலர் பன்னிரண்டு பேராம். பதின்மூன்றை ஒருவரும் தொடவில்லை. அது கடைசியில், கிறிஸ்தோப்பரின் மனைவி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றபோது அவருடைய வேலியோரப் பனையில் ஏறிவிட்டது.

ஆழ்வாப்பிள்ளை ஒரு உழவு இயந்திரத்தில் ஏறி, பின்னால் போய்ப் போய் எண்ணினார். எண்பத்தேழு, சரி. பன்னிரண்டு, சரி. நாற்பது, சரி. அடுத்தது நூற்றெட்டு, அதுவும் சரி. இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் நூற்றிருபதும் சரியென்று வீடியோவில் வாயால் சொல்லிவிட்டு, உழவு இயந்திரத்தின் மூக்கில் உறுதியை வைத்துக் கையெழுத்திட்டார்.

துறைக்குப் போகிற வழியில்தான், உழவு இயந்திரப் பெட்டிக்குள் குலுங்கிக்கொண்டு, அவர் கம்பங்கள் குறித்திருந்த கம்பனியின் வரைபடத்தை விரித்தார். கொஞ்சத் தூரம் மரங்களையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணை, படத்திலை பன்னிரண்டு கோயிலடியிலை கிடக்கு."

"அது பழைய பன்னிரண்டு," என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

"இப்ப?"

"எங்கடை வீட்டு வேலியிலை. கோயிலடியிலை இப்ப அறுபத்துநாலு."

"அப்ப அறுபத்துநாலிலை வயர் அறுந்ததெண்டு ஒராள் வந்து சொன்னால், எந்த மரம் எண்டு அந்தப் பொடியனுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது."

"புது வரிசை எங்கையாவது எழுதிக் கிடக்கோ?"

பஸ்ரியாம்பிள்ளை தன் நெற்றியை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார்.

"தகட்டை மாத்தி அடிச்சால் என்ன?"

"அடிக்கலாம். மரக்காரியைக் கேட்டுத்தான்," என்றார் அன்னபூரணம். "நீங்கள் கையெழுத்து வைச்ச கடிதத்திலை கிடக்கு."

ஆழ்வாப்பிள்ளை படத்தை மடித்தார். மடிப்புச் சரிவராமல் இன்னொரு தடவை மடித்தார். துறை வந்து, வள்ளக்காரன் கூப்பிட்டு, ஒரு காலை வள்ளத்தில் வைத்த பிறகுதான் திரும்பினார். "அண்ணை, நீங்கள் இன்னும் எத்தினை வருசம் வேலை செய்வியள்?"

"சூசையம்மாவைக் கேட்டுச் சொல்லுறன்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. பொலிசுக்கென்று கட்டிய பையை அவர் அப்போதுதான், துறை வரைக்கும் கூட வந்திருந்த மனைவியிடம் நீட்டினார். சூசையம்மா அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பொட்டலத்தை றெக்ஷனின் கையில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

வள்ளம் வெளிக்கிட்டது. ஆழ்வாப்பிள்ளை முன் அணியத்தில் தனியே போய் இருந்தார்.

"அக்கா, நம்பர் மாறினது தற்செயலோ?"

"கடகத்துக்குள்ளை எப்பிடி அடுக்கிக் கிடந்தது?"

"நம்பர் வரிசையிலை."

"வரிசையாய் அடுக்கி வைச்சவவுக்கு வரிசையாய் அடிக்கத் தெரியாதோ?"

றெக்ஷன் பொட்டலத்தை அவிழ்த்தான். பனங்காய்ப் பணியாரம். சுற்றியிருந்த கடதாசியில் எழுத்து: ‘பொறுப்பதிகாரி அவர்களுக்கு, மேற்படி பஸ்ரியாம்பிள்ளை என்பவர்...’ அதற்குக் கீழே எல்லாம் எண்ணெய்.

"அக்கா, இது சான்றுப்பொருள். தின்னலாமோ?"

"கடல் இருக்கிற இருப்புக்குத் தின்னாதையும்."

அவன் ஆறு தின்றான். நயினாதீவு கண்ணுக்குத் தெரிவதற்குள் காற்று எழும்பியது. குறிகட்டுவானுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும்போதே வழக்கு முழுவதும் கடலுக்குள் போய்விட்டது.

அன்னபூரணம் கொப்பியை விரித்து, ‘முடிந்தது’ என்று எழுதி, திகதி போட்டார்.